முப்பத்துநான்கு சதவீதத்தில் பிடுங்கிய பிளக்

எங்கள் க்ருஷ்கொவிட்சா கிராமத்தில் என் பேரைச் சொன்னால் அடுத்த வார்த்தை இடியாகத்தான் இருக்கும். குன்றின்மேல் உள்ள ஆலங்கட்டி நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ராக்கெட் விட்டவன் நான். மேகம் கறுத்து வந்தால் நகரத்திலிருந்து ரேடியோவில் திசையும் கோணமும் சொல்வார்கள். ராக்கெட் மேகத்துக்குள் போய் வெடிக்கும். ஆலங்கட்டி தண்ணீராக இறங்கும், பிளம் மரங்கள் பிழைக்கும். ஒருமுறை நாங்கள் ராக்கெட்டை வைத்துக் குறிபார்த்ததுமே ஒரு மேகம் திரும்பிப் போய்விட்டது. அதைத் தங்கள் தலையில் இறக்கிவிட்டோம் என்று பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். இன்னொரு முறை விழுந்த ஆலங்கட்டிக்குள் ஒரு தவளை இருந்தது. பனி உருகியதும் எழுந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தது. மூன்று கோடை எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் சமையல் பிடிக்காமல்தான் போயிற்று.

இதெல்லாம் ஷிவ்கோவின் மதுக்கடையில் உட்கார்ந்து நான் சொல்கிறவை. இப்போது சொல்லப்போவதை அங்கே சொன்னதில்லை.

பக்கத்து வீட்டு ராதோய்கா எங்கள் ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இருபத்துமூன்று வயதில் வேளாண்மைப் படிப்பை முடிக்கும் நேரத்தில் அவள் அம்மா படுத்த படுக்கையானாள். அம்மா பிடிவாதக்காரி, தொண்ணூற்றொன்று வரை இருந்தாள். அவளை அடக்கம் செய்துவிட்டு, ஐம்பதாவது வயதில் ராதோய்கா விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். பரீட்சையெல்லாம் எழுதி முடித்தாயிற்று. மிச்சம் ஆய்வேடு ஒன்றுதான். எங்கள் ஊர் பிளம் தோட்டங்களும் ஆலங்கட்டியும் பற்றி, என் நிலையத்து நோட்டுப் புத்தகங்களை வைத்து எழுதியிருந்தாள். ஜூன் மாதத்து அந்தத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு அதுதான் கடைசி நாள். தவறினால் முதல் வருடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை பேராசிரியரைப் பார்க்க நகரத்துக்குக் கிளம்பினாள். இரவு சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

"கோழிக்குத் தண்ணி வைங்க மாமா. தக்காளிக்குச் சாயந்திரம் ஊத்தினாப் போதும். கம்ப்யூட்டர்ல ஏதோ அப்டேட் ஓடிட்டிருக்கு. தானா முடிச்சுத் தானா அணைஞ்சுக்கும். அதை மட்டும் தொடாதீங்க."

"நான் ஏன் தொடப்போறேன்? அதுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது."

மூன்று மணிக்கு இடி இடிக்கத் தொடங்கியது. முதல் சத்தத்துக்கே எங்கள் ஊரில் எல்லாரும் எழுந்து பிளக்குகளைப் பிடுங்குவார்கள். டிவி, பிரிட்ஜ், ரேடியோ, எதையும் விடமாட்டார்கள். சர்ச் மணியடிப்பவர்கூட ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடுவார். ஊருக்கு மின்சாரம் வருவதற்கு முன்னால் என் அம்மா பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் தோட்டத்தில் வெங்காயத்தைப் பிடுங்குவாள். எங்களுக்கு அது ரத்தத்தில் இருக்கிறது.

அந்த நேரம் நான் ராதோய்காவின் அறையில் ஜன்னலைச் சாத்தப் போயிருந்தேன். ஸ்கிரீனில் நீலத்தில் எழுத்து நின்றது. முப்பத்துநான்கு சதவீதம், கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் படித்தேன். படிக்கத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

அப்போது சர்ச்சுக்குப் பின்னால் இடி ஒன்று விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு அடுத்து நினைவிருப்பது மேசைக்கு அடியில் நான் உட்கார்ந்திருந்ததுதான். பிளக் என் கையில் இருந்தது. ஒயரைப் பிடித்து இழுத்திருக்கிறேன் போல, சுவரிலிருந்து பாயிண்டும் பாதி வெளியே வந்து தொங்கியது.

மழை ஓய்ந்ததும் திரும்ப மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. சிஸ்டம் ஃபைல் ஒன்று கெட்டிருக்கிறது அல்லது காணவில்லை, தொடங்க முடியாது என்று சொல்லியது. இன்னொரு தடவை அழுத்தினேன். அதையே சொல்லியது. மறுபடி பிளக்கை எடுத்துவிட்டு, மேசையைச் சட்டைக் கையால் துடைத்து, நாற்காலியை நேராக வைத்துவிட்டு வந்தேன். கோழிக்குத் தண்ணீர் வைக்க மறந்துபோனேன்.

மறுநாள் ராதோய்கா சிரித்த முகமாக வந்தாள். அச்செடுத்துக் கொண்டுபோன முதல் அத்தியாயம் பேராசிரியருக்குப் பிடித்துவிட்டதாம், அதில் இரண்டு அட்டவணையை மட்டும் திருத்தச் சொன்னாராம். உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் வேலியோரம் வந்து நின்றாள்.

"மாமா, கம்ப்யூட்டர் உயிரே இல்லாம கிடக்கு. என்ன ஆச்சு?"

பிடுங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ராக்கெட்காரன் இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கினான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மின்னல் வந்துச்சும்மா," என்றேன்.

அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. சின்ன தர்ப்பூசணி அளவில் ஒரு நெருப்பு உருண்டை ஜன்னல் வழியாக வந்தது, அறையை இரண்டு சுற்று சுற்றியது, தட்டச்சு செய்ய வந்ததைப்போல நாற்காலியில் உட்கார்ந்தது, பிறகு சிபியூவுக்குள் புகுந்து மறைந்தது என்று சொன்னேன். நான் கரண்டியால் விரட்டப் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து என் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவம் கருகியிருக்கிறதா என்று முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மாமா? அது கிடக்குது."

உள்ளே கூட்டிப்போய்க் காப்பி போட்டுக் கொடுத்தாள். எனக்கு மூன்று கரண்டி சர்க்கரை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் குடித்தேன். என் எழுபத்தாறு வருடத்தில் அவ்வளவு மோசமான ஒரு நல்ல காப்பியைக் குடித்ததில்லை.

ஆய்வேட்டுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அதே கம்ப்யூட்டரில், 'பத்திரம்' என்று பேர் வைத்த இன்னொரு ஃபோல்டரில்.

சாயந்திரம் ஷிவ்கோவின் கடைக்குப் போவதற்குள் கதை எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. எல்லாரும் கேட்டார்கள், சொன்னேன். தர்ப்பூசணி அங்கே நல்ல விளைச்சல் கண்டது.

சனிக்கிழமை காலையில் பிரானிஸ்லாவ் வந்தான். டவுனில் கடை வைத்திருக்கிறான். பால் கறக்கும் மெஷின், காப்பி மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே ஸ்க்ரூ டிரைவரால் பழுதுபார்ப்பவன். எதைக் கொண்டுபோனாலும் முதலில் அதற்கு இரங்கல் தெரிவித்துவிட்டுத்தான் திறப்பான். அறை வாசலிலேயே நின்றான்.

"மின்னல் அடிச்சதுன்னாங்களே, இதுதானா? அப்ப நான் தொடமாட்டேன். கரண்டும் குடுக்கமாட்டேன்."

"ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்," என்றாள் ராதோய்கா.

"போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் சொன்னார், போட்டேன். போர்டு வெடிச்சு டிஸ்க்கையும் சேத்துக் கூட்டிட்டுப் போச்சு. எனக்கு இந்தப் புருவம் இன்னும் சரியா முளைக்கலை. டிஸ்க்கை பெல்கிரேடுக்கு அனுப்பணும். திறந்து பாக்கறவங்க அங்க இருக்காங்க. மூணு வாரம் ஆகும்."

"திங்கக்கிழமை குடுக்கணும்."

"அப்ப இல்லைன்னு வச்சுக்கங்க."

அவள் பெட்டியிலிருந்து ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்தாள். சிபியூவைச் சுற்றி அனுப்புவதற்கு. அதை உதறி, முனைக்கு முனை சேர்த்து, கையால் நீவி மடித்தாள். அம்மாவுக்கு விரித்துக்கொண்டிருந்த விரிப்பு அது. சுற்றுவதற்குத்தானே, மடிக்க வேண்டியதே இல்லை. அவள் மடித்துக்கொண்டே இருந்தாள்.

"மின்னல் வரலை," என்றேன்.

பிரானிஸ்லாவ் திரும்பினான். "என்ன பெரியவரே?"

"மின்னல் வரலை. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்."

ராதோய்கா என் தோளைத் தொட்டாள். "மாமா, என்னைத் தேத்தறதுக்காக எதையாவது சொல்லாதீங்க."

"நிஜத்தைச் சொல்றேன்மா."

"பெரியவரே, நேத்து கடையில முப்பது பேர் கேட்டிருக்காங்க," என்றான் பிரானிஸ்லாவ். "அந்த உருண்டை இந்த நாற்காலியில கால்மேல கால் போட்டு உட்கார்ந்துச்சாம்."

"உட்காரலை. அதுக்குக் காலும் இல்லை."

"எங்க மாமனார் வந்து நாற்காலியில கருகின தடத்தைப் பாத்துட்டுப் போனேங்கறார்."

"உங்க மாமனார் பொய் சொல்றார்."

"அவரு பொய் சொல்றாரு. நீங்க சொல்றதில்லை."

"இடிக்குப் பயந்து பிடுங்கினேன்."

அவன் முதல்முறையாகச் சிரித்தான். "நீங்களா? இடிக்கா? நம்பற மாதிரி ஒண்ணு சொல்லுங்க பெரியவரே. அந்தத் தவளையை வேணா இன்னொரு தடவை சொல்லுங்க."

வாழ்நாள் முழுக்க நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். நம்பாதவர்களும் நம்பியதுபோல் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்ன அன்று என் கையில் சாட்சி இல்லை. பேசிப் பயனில்லை என்று பிளக்கை எடுத்துப் பாயிண்டில் செருகிப் பொத்தானை அழுத்தினேன். பிரானிஸ்லாவ் ஒரே எட்டில் கூடத்துக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றான்.

ஒன்றும் வெடிக்கவில்லை. காற்றாடி உறுமியது. கறுப்புத் திரையில் அந்த வெள்ளை எழுத்து வந்து நின்றது.

அவன் வந்து குனிந்து படித்தான். "சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கு," என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "மின்னல் அடிச்ச மெஷின் இவ்வளவு மரியாதையா பேசாது. அப்டேட்டுக்கு நடுவுல யாரோ பிடுங்கியிருக்காங்க."

ராதோய்கா என்னைப் பார்த்தாள். நான் பாயிண்டைப் பார்த்தேன்.

"எத்தனையில இருந்துச்சு மாமா?"

"முப்பத்துநாலு."

"அதுல ஏதோ எழுதியிருக்குமே."

"அணைக்க வேண்டாம்னு இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

அவள் சமையலறைக்குப் போனாள். காப்பிப் பாத்திரம் அடுப்பில் உட்காரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தட்டில் இரண்டு கோப்பை இருந்தது. ஒன்றை பிரானிஸ்லாவிடம் கொடுத்தாள். மற்றதை அவள் குடித்தாள். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இரண்டு கோப்பைக்கு என்ன பதில் சொல்வது.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சுவரோரம் நின்றேன்.

பிரானிஸ்லாவ் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பினான். கறுப்புச் சதுரம் ஒன்று திறந்தது. அதில் ஏதேதோ தட்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

"சிஸ்டம் ஃபைலை அப்புறம் சரிபண்ணிக்கலாம். முதல்ல உங்க எழுத்தை வெளியில எடுக்கலாம்னா, அந்த 'பத்திரம்' கண்ணுக்கே தெரியலை. பிடுங்கின வேகத்துல டிஸ்க்குல விலாசமெல்லாம் கலைஞ்சிருக்கு. வீடு இருக்கு, கதவு நம்பர் இல்லை. முழுசா ஒரு தடவை சோதிச்சு அடுக்கச் சொல்லணும்."

"அடுக்கினா கிடைச்சிடுமா?" என்றாள் அவள்.

"கிடைக்கணும். ஆனா நடுவுல கரண்ட் போகக்கூடாது. போச்சுன்னா பெல்கிரேடுக்காரனும் கையை விரிச்சிடுவான்."

சோதனையைத் தொடங்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தான். பாயிண்ட் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை இப்படி யாரு பிடுங்கினது?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, அவனே விட்டுவிட்டான். இனி வேறு இடத்தில் மாற்றிச் செருகவும் வழியில்லை, ஓடத் தொடங்கிவிட்டது.

பன்னிரண்டு சதவீதத்தில் அறை இருண்டது. ஜன்னல் வழியே சர்ச் கோபுரத்துக்கு மேல் பார்த்தேன். அடிவயிறு பச்சை பாய்ந்த மேகம். அந்த நிறத்தை எனக்குத் தெரியும். குன்றிலிருந்து இப்போதைய ராக்கெட்காரர்கள் ஒன்று விட்டார்கள். அது போன பிறகுதான் இடி இடித்தது.

பிரானிஸ்லாவ் எழுந்து நின்றான். கை தானாகப் பிளக்கை நோக்கி நீண்டது. ராதோய்கா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் தன் கையையே வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்க," என்றான். "எங்க அம்மா வளர்ப்பு."

அடுத்த இடிக்குச் சுவர் அதிர்ந்தது. பிளக் பாயிண்டிலிருந்து ஒரு நூல் நழுவியது. ஸ்கிரீன் ஒருமுறை கண் சிமிட்டியது. நான் மேசைக்கு அடியில் போனேன். போவதற்கு எனக்கு வழி நன்றாகத் தெரியும். ஒரு கையால் பாயிண்டைச் சுவரோடு அழுத்தி, மறுகையால் பிளக்கை அதற்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவரே, வெளிய வாங்க. கை வைக்காதீங்க, ஆபத்து," என்றான் பிரானிஸ்லாவ்.

"சதவீதத்தை மட்டும் சொல்லு."

"பதினாலு."

ஜன்னலில் முதல் ஆலங்கட்டி விழுந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லப்போவதில்லை. என் பல் கட்டியதுதான், அது தனியாக ஆடியது. ஒவ்வொரு இடிக்கும் என் இரண்டு கையும் என்னைக் கேட்காமல் பிளக்கை இழுக்கப் பார்த்தன. ஒவ்வொரு தடவையும் திரும்ப அழுத்தினேன். கீழேயிருந்து எனக்குத் தெரிந்தது ராதோய்காவின் கம்பளிச் செருப்பு இரண்டும்தான். நான் அவற்றிடம் பேசத் தொடங்கினேன். முகத்தைப் பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"குன்று மேல ராக்கெட் விட்டது நான் இல்லை."

செருப்பு நகரவில்லை.

"நிலையத்துக்கு ரெண்டு பேர் வேணும்னு சட்டம். ரெண்டாவது ஆள் எங்க வீட்டுக்காரி ஸ்தானியா. முதல் நாளே இடி இடிச்சதும் நான் மேசைக்கு அடியில போயிட்டேன். அவதான் வெளிய போய்த் திசை வச்சா, பொத்தானை அழுத்தினா. நான் ரேடியோவை மடியில வச்சுக்கிட்டுக் கோணம் சொல்லுவேன். இருபத்தெட்டு வருஷமும் அப்படித்தான்."

"இருபத்தாறு சதவீதம்," என்றான் பிரானிஸ்லாவ் மேலேயிருந்து.

"நோட்டுல 'நான் ஏவினேன்'னு எழுதுவேன். அவ படிப்பா. ஒண்ணும் சொல்லமாட்டா. கடையில நான் சொல்ற கதைக்கெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டுவா. ஒரு தடவைகூட வெளிய சொன்னதில்லை. செத்து ஆறு வருஷமாச்சு."

பிறகு செருப்பு கொஞ்சம் முன்னால் வந்தது.

"நோட்டுல இருக்கற எண்ணெல்லாமாவது நிஜமா மாமா? தேதி, எத்தனை ராக்கெட், எந்தத் திசை. அதை வச்சுத்தான் எல்லாக் கணக்கும் போட்டிருக்கேன்."

"எண்ணெல்லாம் நிஜம். எழுதினதுதான் நான். சுட்டது அவ."

"தவளை?" என்று கேட்டான் பிரானிஸ்லாவ்.

"தவளையும் நிஜம்."

அறுபது, எழுபது என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். எண்பதில் இடி மலைக்கு அந்தப் பக்கம் போயிற்று. நூறு என்று சொன்ன பிறகும் என் விரல்கள் பிளக்கை விடவில்லை. பிரானிஸ்லாவ் குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். மரியாதையாகத்தான் பிரித்தான்.

'பத்திரம்' வந்திருந்தது. முதலில் அதை இன்னொரு பென்டிரைவுக்கு மாற்றினான். அதை ராதோய்கா கழுத்துச் சங்கிலியில் சிலுவைக்குப் பக்கத்தில் கோத்துக்கொண்டாள். பிறகு அவன் கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைத் தேடி, நல்லவற்றை அவற்றின் இடத்தில் வைத்தான். மூன்று மணி வாக்கில் கம்ப்யூட்டர் தன் பழைய பாட்டைப் பாடிக்கொண்டு எழுந்தது.

ராதோய்கா ஆய்வேட்டைத் திறந்தாள். எண்பத்துநான்கு பக்கமும் இருந்தன. மேலே நன்றிப் பக்கம். எனக்கு அதுவரை அவள் காட்டியதில்லை. புத்தகமாகக் கட்டிக் கையில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

'இருபத்தெட்டு ஆண்டுகள், ஒவ்வொரு புயலிலும், இடிக்கு அஞ்சாமல் தம் கையாலேயே ராக்கெட் ஏவி இந்த ஊரின் தோட்டங்களைக் காத்த திகோமிர் அவர்களுக்கு' என்று இருந்தது.

கண்ணாடி மாட்டித்தான் படித்தேன். இதை மட்டும் இரண்டாம் தடவை படிக்க முடியவில்லை.

"எடுத்திடும்மா."

"எதை?"

"என் பேரை. அது ஸ்தானியாவோடது."

"பாதியா?"

"முழுசும்."

அவள் என் பேரை அழித்து ஸ்தானியா என்று தட்டினாள். எழுத்து எழுத்தாக வந்தது. அந்தப் பேரை அச்செழுத்தில் நான் அதற்கு முன் பார்த்தது கல்லறைக் கல்லில்தான்.

"உங்களுக்கு என்ன போடறது மாமா? ஒண்ணும் போடாம விட முடியாது. நோட்டுப் புத்தகம் உங்களோடது."

"மேசைக்கு அடியில இருந்தார்னு போடு."

"யுனிவர்சிட்டில அப்படியெல்லாம் போட விடமாட்டாங்க."

"அப்ப பிளக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்னு போடு. அது நிஜம்தானே."

பிரானிஸ்லாவ் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். ராதோய்கா கொஞ்சம் யோசித்துவிட்டு எதையோ தட்டினாள். என்ன என்று நான் கேட்கவில்லை, அவளும் காட்டவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். இந்தத் தடவை தட்டில் மூன்று கோப்பை வந்தது. எனக்குக் கடைசியாகத்தான் கொடுத்தாள்.

ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையே இல்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.